சித்தி ஏன் தண்ணீர் குடிப்பதில்லை? பணியிட நல மதிப்பீடு: எளிய விளக்கம்

என் சித்தி கும்பகோணத்தில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் 14 வருடமாகச் சேலைப் பிரிவில் நிற்கிறார். 'வேலை பார்க்கிறார்' என்று எழுதாமல் 'நிற்கிறார்' என்று எழுதக் காரணம் உண்டு. காலை ஒன்பதரைக்குக் கடைக்குள் போனால் இரவு ஒன்பது மணி வரை நிற்பதுதான் வேலை. போன வருடம் அந்தக் கடையில் ஊழியர்களுக்கு இலவச மருத்துவ முகாம் நடத்தினார்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், எடை எல்லாம் பார்த்தார்கள். சித்திக்கு அடிக்கடி நீர்க்கடுப்பு வருகிறது என்று தெரிந்ததும் மருத்துவர் சொன்னார்: "நிறையத் தண்ணி குடிங்கம்மா. மூணு லிட்டராவது குடிக்கணும்."

சித்தி குடிக்கவில்லை. வீட்டுக்குப் போயிருந்தபோது கேட்டேன்.

"ஏன் சித்தி, டாக்டர் சொல்லியும் குடிக்க மாட்டேங்கிறீங்க?"

"குடிச்சா போகணும்ல."

நான்கு மாடிக் கடையில் பெண் ஊழியர்களுக்குக் கழிப்பறை மொட்டை மாடிக்குக் கீழே ஓரிடத்தில்தான். போவதற்கு ஃப்ளோர் இன்சார்ஜிடம் சொல்லிவிட்டு, நோட்டில் நேரம் எழுதிவிட்டுப் போக வேண்டும். ஊழியர்கள் லிஃப்டில் ஏறக்கூடாது. திரும்பி வரப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆனால் கேள்வி. ஆடி மாதத் தள்ளுபடி சமயத்தில் கேட்கவே வேண்டாம். ஆகவே சித்தி காலையில் அரை டம்ளர் காபியோடு கிளம்புவார், மதியச் சாப்பாட்டோடு ஒரு டம்ளர் தண்ணீர், அவ்வளவுதான்.

முகாமில் சித்தியின் அட்டையில் 'சிறுநீர்த் தொற்று' என்று எழுதினார்கள். நோட்டைப் பற்றியும் மாடிப்படியைப் பற்றியும் எழுத அந்த அட்டையில் இடமே இல்லை. ஊழியர் நலம் என்ற பேச்சு எடுத்தாலே நம்மில் பெரும்பாலோருக்கு இந்த மருத்துவ முகாம்தான் நினைவுக்கு வருகிறது. கொஞ்சம் பெரிய இடமாக இருந்தால் யோகா வகுப்பு, 'மன அழுத்தத்தை வெல்வது எப்படி' என்று ஒரு சொற்பொழிவு. இவற்றில் தப்பொன்றும் இல்லை. ஆனால் இவை எல்லாம் வேலை செய்கிற ஆளைப் பரிசோதிக்கின்றன. பணியிட நல மதிப்பீடு என்பது வேலையைப் பரிசோதிப்பது: அந்த இடம், கருவி, நேரம், கூலி கணக்கிடும் முறை, மேற்பார்வை ஆகியவற்றில் எது உடம்பையும் மனசையும் கெடுக்கிறது என்று தேடுவது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் சித்திக்கு அறிவுரை கிடைத்தது, தண்ணீர் கிடைக்கவில்லை.

பாம்பு, வரப்பு, இருட்டு

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்வோம். வரப்பில் ஒரு எலி வளை. அதற்குள் நல்ல பாம்பு. பாம்பு ஒரு கேடு. கேடு என்றால் தீங்கு செய்யக்கூடிய எதுவும். ஆங்கிலத்தில் ஹசார்ட் என்பார்கள்.

இப்போது அந்த வரப்பில் மூன்று பேர் போகிறார்கள். ஒருவர் பட்டப்பகலில் மோட்டார் சைக்கிளில் ரோட்டோடு போகிறார். ஒருவர் சாயங்காலம் செருப்புப் போட்டு, கையில் தடியோடு வரப்பில் நடக்கிறார். ஒருவர் ராத்திரி இரண்டு மணிக்கு, முறைத் தண்ணீர் வந்துவிட்டது என்று கேள்விப்பட்டு, வெறுங்காலோடு டார்ச்சும் இல்லாமல் மடை திறக்க ஓடுகிறார். பாம்பு ஒன்றுதான், ஆனால் கடிபடும் வாய்ப்பு மூவருக்கும் ஒன்றல்ல. கேடு நிஜமாகவே ஆளைத் தாக்கும் வாய்ப்பும், தாக்கினால் எவ்வளவு பாதிக்கும் என்பதும் சேர்ந்ததுதான் இடர். ரிஸ்க் என்று நாம் சாதாரணமாகச் சொல்வதும் இதைத்தான்.

இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருக்கிறது: எவ்வளவு அருகில், எவ்வளவு நேரம், எத்தனை முறை அந்தக் கேடு ஆளின்மேல் படுகிறது என்பது. இதைப் படுமளவு என்று வைத்துக்கொள்வோம். சேலைப் பிரிவில் நிற்பது கேடு என்றால் யாரும் சிரிப்பார்கள். நாமும்தான் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறோம். பஸ் ஸ்டாப்பில் 10 நிமிடம். சித்தி ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல், வாரம் ஆறு நாள், 14 வருடம். அவர் கெண்டைக்காலில் சுருண்டு புடைத்திருக்கும் நரம்புகள் அந்தப் படுமளவின் கணக்கு.

சத்தத்தை எடுத்துக்கொண்டால் இந்தக் கணக்கு இன்னும் துல்லியமாக விளங்கும். ஒலியை அளக்கும் அலகு டெசிபல். 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரை இருக்கலாம் என்கிறது அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனமான நியோஷ். அதற்குமேல் 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும்: 88 என்றால் 4 மணி நேரம், 91 என்றால் 2 மணி நேரம். வெறும் ஆறு டெசிபல்தானே என்று தோன்றும் வித்தியாசத்தில் முக்கால்வாசி நேரம் போய்விட்டது. கருவி இல்லையென்றாலும் ஒரு சோதனை உண்டு. கைநீட்டும் தூரத்தில் நிற்பவரிடம் குரலை உயர்த்தித்தான் பேச முடிகிறது என்றால் அங்கே 85-ஐத் தொட்டுவிட்டது என்று கொள்ளலாம். நாச்சியார்கோயில் பக்கம் பித்தளை விளக்குக்கு மெருகு போடும் பட்டறை வாசலில் நின்று பேசிப் பாருங்கள், தெரியும்.

இதுவரை பார்த்தது: கேடு என்பது பாம்பு, இடர் என்பது கடிபடும் வாய்ப்பும் கடியின் கடுமையும், இரண்டையும் இணைப்பது படுமளவு. மதிப்பீடு செய்பவர் பாம்பை மட்டும் எழுதிவிட்டு வந்தால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது.

மண்பானை ஏன் சில நாள் குளிர்வதில்லை

கேடுகளில் பல வகை. வெயில், சத்தம், அதிர்வு, கண்கூச்சம் ஒரு வகை. வேதாரண்யம் உப்பளத்தில் வெயில் மேலேயிருந்தும் அடிக்கும், வெள்ளை உப்பில் பட்டுக் கீழேயிருந்தும் அடிக்கும். பூச்சிமருந்து, தூசி, சுவாமிமலையில் சிலை வார்க்கும்போது எழும் உலோகப் புகை ஆகியவை இன்னொரு வகை. வயல் தண்ணீரில் கலந்திருந்து கால் வெடிப்பு வழியாக நுழையும் எலிக்காய்ச்சல் கிருமி மூன்றாவது. குனிவது, தூக்குவது, திருபுவனம் குழித்தறியில் நாளெல்லாம் ஒரே வாக்கில் உட்கார்ந்திருப்பது நான்காவது. எல்லாவற்றையும் விவரிக்க இங்கே இடமில்லை. நம் ஊரில் தினமும் பார்த்துக்கொண்டே தப்பாகப் புரிந்துகொள்ளும் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது வெப்பம். "வேலூர்ல 41 டிகிரி அடிக்குது, நம்ம நாகப்பட்டினத்துல 36தானே" என்று நிம்மதியாகச் சொல்வோம். மண்பானையை நினைத்துப் பாருங்கள். பானைத் தண்ணீர் சில்லென்று இருப்பது, பானையின் நுண்துளை வழியாகக் கசியும் நீர் காற்றில் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போவதால்தான். நம் தோலும் அப்படித்தான்; வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை ஆவியாகாது, வழிந்து சொட்டும். சொட்டுகிற வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. தண்ணீரும் உப்பும் போனதுதான் மிச்சம். கடற்கரைக் காற்றுப் புழுக்கத்தில் 36 டிகிரி, வறண்ட ஊரின் 41-ஐவிட ஆளைச் சாய்த்துவிடும்.

அதனால் பணியிடத்தில் வெப்பத்தை வெறும் தெர்மாமீட்டர் கொண்டு அளப்பதில்லை. மூன்று வைத்து அளக்கிறார்கள்: ஈரத்துணி சுற்றியது ஒன்று, கறுப்பு உருண்டைக்குள் வைத்து நேர் வெயிலை உணர்வது ஒன்று, சாதாரணமானது ஒன்று. வெளிவெயிலில் கணக்கிடும்போது ஈரத்துணிக்கு 70 சதவீதம், கறுப்பு உருண்டைக்கு 20, சாதாரண தெர்மாமீட்டருக்கு 10. இந்தக் கூட்டு அளவுக்கு வெட் பல்ப் குளோப் டெம்பரேச்சர், சுருக்கமாக டபிள்யூபிஜிடி என்று பெயர். தொலைக்காட்சி சொல்லும் வெப்பநிலைக்கு இந்தக் கணக்கில் பத்தில் ஒரு பங்குதான் மதிப்பு என்பதைக் கவனியுங்கள்.

2024-ல் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. ஆனால் பேரிடர் நாளில் மட்டும் வருகிற சிக்கல் இல்லை இது. புழுங்கல் அரிசி ஆலையில் நெல் அவிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் நிற்பவருக்கு மார்கழியிலும் சித்திரைதான். அங்கே புதிதாகச் சேர்ந்தவரை முதல் நாளே முழு ஷிஃப்டில் நிறுத்துவது பெரிய ஆபத்து. வெப்பத்துக்கு உடம்பு பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும். முதல் நாள் அந்தச் சூட்டில் ஐந்தில் ஒரு பங்கு நேரம், பிறகு நாளுக்கு நாள் கூட்டிக்கொண்டு போவது என்பதே பரிந்துரை. 15, 20 நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு டம்ளர் தண்ணீர், தாகம் எடுக்கும் வரை காத்திராமல் குடிக்க வேண்டும். இந்த இடத்தில் சித்தியை மறுபடி நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் குடிக்கச் சொல்வது எளிது. குடிக்கவும் அதன் பிறகு ஒதுங்கவும் இடம் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் மதிப்பீடு. நடவு வயலில் குனிந்திருக்கும் பெண்களிடம் கேட்டுப் பாருங்கள், அவர்களும் சித்தி சொன்ன பதிலையே சொல்வார்கள்.

40 கிலோ சிப்பம்

இரண்டாவது பாரம். நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் ஒரு மூட்டை 40 கிலோ. தூக்குபவருக்குக் கூலி மூட்டைக் கணக்கில். நியோஷ் சொல்லும் எல்லை 23 கிலோ. அதுவும் சுமை உடம்போடு ஒட்டி, இடுப்புயரத்தில், நல்ல பிடியோடு, திரும்பாமல், எப்போதாவது ஒரு முறை தூக்கும்போது. தரையிலிருந்து, கைப்பிடி இல்லாத சாக்கில், திரும்பித் திரும்பி, நாளெல்லாம் என்று வந்தால் அந்த எல்லை இன்னும் கீழே இறங்கும்.

எடையைவிட முக்கியம் தூரம். கடப்பாரையால் பாறையை நெம்பும்போது நாம் நீண்ட முனையில் இருக்கிறோம். கொஞ்சம் அழுத்தினாலே பாறை நகர்கிறது. குனிந்து தூக்கும்போது முதுகுக்கு நேர்மாறான நிலை. முதுகுத் தசை முதுகெலும்பிலிருந்து ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் தள்ளி இழுக்கிறது, சுமையோ 50 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. ஆகவே 10 கிலோவைக் கையை நீட்டித் தூக்கினால் தசை சுமார் 100 கிலோ எடைக்கு ஈடாக இழுக்க வேண்டும். கையில் சுமையே இல்லாவிட்டாலும், குனிந்தால் தலையும் தோளும் நெஞ்சும்தான் சுமை. நாற்று நடுகிற பெண்ணின் கையில் ஒரு முடி நாற்றுதான் இருக்கிறது. சாயங்காலம் இடுப்பு விட்டுப்போவது இதனால்தான்.

"இருபது வருஷமா தூக்குறாங்க, ஒண்ணும் ஆகலையே"

இந்த வாக்கியத்தை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறார்கள். இருபது வருடம் தூக்கியும் திடகாத்திரமாக இருப்பவர் அவர்கள் எதிரில் நிற்கிறார். மூன்றாவது வருடம் முதுகு பிடித்துப் படுத்தவர் அங்கே நிற்கவில்லை. அவர் வீட்டுத் திண்ணையில் இருக்கிறார், அல்லது திருப்பூரில் ஏதோ ஒரு கம்பெனியில் வாட்ச்மேன். வெள்ளத்தில் அழுகிப்போன நாற்றை யாரும் எண்ணுவதில்லை, தப்பிய பயிரைக் காட்டி "விளைஞ்சிருக்கே" என்பதுபோல.

தொழில்நலத் துறையில் இதற்கு 'ஹெல்தி ஒர்க்கர் எஃபெக்ட்' என்று பெயர். நோயுற்றவர்கள் வேலையை விட்டுப் போய்விடுவதால், மிஞ்சியிருப்பவர்களை மட்டும் சோதித்தால் அந்த வேலை ஆரோக்கியமானது போலத் தோன்றும் மயக்கம் அது. மருத்துவ முகாமின் பெரிய ஓட்டை இதுதான். அன்றைக்கு வேலையில் இருப்பவர்களுக்குத்தானே முகாம்? ஆகவே மதிப்பீடு செய்பவர் வேலையை விட்டுப் போனவர்களின் பட்டியலைக் கேட்க வேண்டும். எத்தனை பேர், எத்தனை வருடத்தில், ஏன் போனார்கள்? என் அனுபவத்தில் ஒரு பணியிடத்தைப் பற்றி அதிகம் சொல்லும் காகிதம் இந்தப் பட்டியல்தான். அதைக் கேட்டால்தான் நிர்வாகத்தின் முகமும் மாறும்.

கடைமடையில் இருப்பவரின் தூக்கம்

இனி கண்ணுக்குத் தெரியாத வகை. இதில்தான் குழப்பம் அதிகம், சொல்லிலேயே தொடங்குகிறது. தமிழில் மன அழுத்தம் என்று டென்ஷனுக்கும் எழுதுகிறோம், டிப்ரஷன் என்ற நோய்க்கும் எழுதுகிறோம். இந்தக் கட்டுரையில் மன அழுத்தம் என்றால் வெளியிலிருந்து வரும் நெருக்கடிக்கு உடம்பும் மனசும் காட்டும் எதிர்வினை மட்டுமே. நோயை மனச்சோர்வு என்கிறேன். முதலாவது நீண்ட நாள் நீடித்தால் இரண்டாவதற்கு வழிவிடலாம், ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

எதிர்வினை நடக்கும் விதம் இது. ஆபத்து என்றதும் உடம்பு மதகைத் திறக்கிறது. இதயம் வேகமாக அடிக்கிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது, ஓடவோ எதிர்க்கவோ தெம்பு வேண்டும் என்று ரத்தத்தில் சர்க்கரை கூடுகிறது, ஜீரணம் மெதுவாகிறது. ஆபத்து விலகியதும் மதகு மூடிக்கொள்ளும். இது நல்ல ஏற்பாடு. மதகு மூடாமலே இருந்தால்தான் வினை. தண்ணீர் பயிருக்கு உயிர் என்றாலும் வடியாமல் வாரக்கணக்கில் நின்றால் வேர் அழுகிவிடும். மாதக்கணக்கில் இறங்காத ரத்த அழுத்தம் ரத்தக்குழாயை அப்படித்தான் கெடுக்கிறது.

மதகு ஏன் மூடுவதில்லை? வேலை அதிகம் என்பதுதான் பொதுவாகச் சொல்லும் பதில். அது பாதிப் பதில். தலைஞாயிறு பக்கம் கடைமடையில் இரண்டு விவசாயிகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இருவருக்கும் ஒரே அளவு நிலம், ஒரே அளவு தண்ணீர். ஒருவருக்கு எந்தத் தேதியில் முறை என்று முன்கூட்டியே தெரியும். இன்னொருவருக்குத் தெரியாது, மேலே திறப்பவர்களின் முடிவு, எப்போது வேண்டுமானாலும் வரலாம், வராமலும் போகலாம். வேலையின் அளவு ஒன்றுதான். தூக்கம் மட்டும் ஒருவருக்கு வரும், மற்றவருக்கு வராது.

1979-ல் ராபர்ட் கராசெக் என்ற அமெரிக்க ஆய்வாளர் முன்வைத்த மாதிரியின் சாரம் இதுவே. வேலையின் நெருக்கடி ஒரு பக்கம். அதை எப்படி, எப்போது செய்வது என்று தானே முடிவெடுக்கும் உரிமை மறு பக்கம். நெருக்கடி மிகுந்து உரிமை குறைந்த வேலைதான் உடம்பை அதிகம் கெடுக்கும் என்றார் அவர். 1996-ல் யோஹானஸ் சீக்ரிஸ்ட் என்ற சமூகவியலாளர் இன்னொரு கண்ணாடியைக் கொடுத்தார்: போடுகிற உழைப்புக்கும் கிடைக்கும் பலனுக்கும் உள்ள இடைவெளி. பலன் என்றால் சம்பளம் மட்டுமில்லை, மரியாதையும் வேலை நிலைக்கும் என்ற உறுதியும் சேர்ந்தது.

"டென்ஷன் எல்லாம் மேனேஜருக்குத்தான், எடுபிடிக்கு என்ன கவலை?" என்று நினைப்பவர்களுக்கு ஓர் ஆய்வைச் சொல்ல வேண்டும். 1967-ல் லண்டனில் 17,000-க்கும் மேற்பட்ட ஆண் அரசு ஊழியர்களை எடுத்துக்கொண்டு வருடக்கணக்கில் கவனித்தார்கள். வைட்ஹால் ஆய்வு என்று அதற்குப் பெயர். இதய நோயால் இறப்பது உயர் அதிகாரிகளைவிடக் கடைநிலை ஊழியர்களிடம் சுமார் மூன்று மடங்கு இருந்தது. புகைப்பழக்கம், ரத்த அழுத்தம் போன்றவற்றைக் கணக்கில் கொண்ட பிறகும் வித்தியாசம் முழுவதும் மறையவில்லை. 1985-ல் தொடங்கிய இரண்டாவது ஆய்வு, வேலையின் மேல் பிடி இல்லாதிருப்பது இந்த வித்தியாசத்துக்கு ஒரு முக்கியக் காரணம் என்று காட்டியது. கழிப்பறைக்குப் போக நோட்டில் எழுதுவது சின்ன விஷயமாகத் தோன்றலாம். தன் உடம்பின் மேல்கூடத் தனக்குப் பிடி இல்லை என்று ஒரு பெண்ணுக்கு ஒரு நாளில் பல முறை சொல்கிறது அந்த நோட்டு. இதை நான் மிகைப்படுத்திச் சொல்வதாக நினைக்கவில்லை.

நேரமும் இந்த வகையைச் சேர்ந்ததே. வாரம் 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களோடு ஒப்பிட்டால், 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்குப் பக்கவாத இடர் 35 சதவீதமும் இதய நோயால் இறக்கும் இடர் 17 சதவீதமும் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-ல் சேர்ந்து வெளியிட்டன. சாப்பாட்டு நேரத்தைக் கழித்தாலும் சித்திக்கு வாரம் 63 மணி நேரம் வருகிறது.

சுருக்கமாக: மன அழுத்தத்துக்குக் காரணத்தை ஆளின் மனவலிமையில் தேடுவதற்கு முன்னால் வேலையின் அமைப்பில் தேட வேண்டும். நெருக்கடி எவ்வளவு, முடிவெடுக்கும் உரிமை எவ்வளவு, பலனும் மரியாதையும் எவ்வளவு, நேரம் எவ்வளவு என்று கேட்டாலே பெரும்பகுதி தெரிந்துவிடும்.

எப்படிப் பார்ப்பது

1700-ல் இத்தாலிய மருத்துவர் பெர்னார்தினோ ரமாசினி சக மருத்துவர்களுக்கு ஒரு யோசனை சொன்னார்: நோயாளியிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு "என்ன வேலை பார்க்கிறீர்கள்?" என்பதையும் கேளுங்கள். மதிப்பீட்டின் விதை அந்தக் கேள்வி.

நடைமுறையில் முதல் வேலை, நடப்பது. ஆபீஸ் அறையில் உட்கார்ந்து படிவம் நிரப்பினால் அங்கே நடக்க வேண்டியது மட்டும் தெரியும், நடப்பது தெரியாது. 2021-ல் தமிழ்நாட்டில் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி ஊழியர்களுக்கு இருக்கை கட்டாயம் என்றார்கள். சித்தியின் பிரிவிலும் இப்போது இரண்டு ஸ்டூல் இருக்கின்றன. படிவத்தில் 'இருக்கை உண்டு' என்று டிக் அடித்துவிடலாம். அரை நாள் அங்கேயே நின்று பார்த்தால்தான் ஸ்டூலில் சேலை அடுக்கியிருப்பதும், உட்கார்ந்தால் இன்சார்ஜ் முறைப்பதும் தெரியும். கூட்டம் இல்லாத செவ்வாய்க்கிழமையில் மட்டும் பார்த்தாலும் போதாது, தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமையும் பார்க்க வேண்டும்.

அடுத்தது கேட்பது. மேற்பார்வையாளர் பக்கத்தில் நிற்காத இடத்தில், பெயர் எழுதாமல். "பிரச்சினை ஏதாவது இருக்கா?" என்று கேட்டால் "ஒண்ணும் இல்லை சார்" என்பதுதான் பதில். "சாயங்காலம் எங்கே வலிக்கும்?", "கடைசியா எப்பத் தண்ணி குடிச்சீங்க?", "இந்த வேலையில எதை மாத்துனா நல்லா இருக்கும்?" என்று கேட்டால் பேசுவார்கள். பிறகு ஏடுகள்: விடுப்புப் பதிவு, காயப் பதிவு, விட்டுப் போனவர் பட்டியல்.

கண்டதையெல்லாம் எழுதிய பிறகு வரிசைப்படுத்த ஓர் எளிய கணக்கு உண்டு. நடக்கும் வாய்ப்புக்கு 1 முதல் 5, நடந்தால் பாதிப்புக்கு 1 முதல் 5, இரண்டையும் பெருக்க வேண்டும். அரிசி ஆலையில் மூடியில்லாத பெல்ட்டில் சேலைத் தலைப்பு சிக்குவது வாய்ப்பு 2, பாதிப்பு 5, ஆக 10. உமித் தூசியைத் தினமும் சுவாசிப்பது வாய்ப்பு 5, பாதிப்பு 3, ஆக 15. பெல்ட்டைப் பார்த்தால் பயமாக இருக்கும், தூசியைப் பார்த்தால் பழகிவிடும். பழகிப்போனதை மறக்கவிடாமல் காட்டுவதுதான் இந்தக் கணக்கின் பயன். முறத்தில் புடைக்கும்போது பதர் பறந்து கொஞ்ச தூரத்தில் விழுந்துவிடும், அதைவிட நுண்ணிய தூசி விழாமல் காற்றிலேயே மிதக்கும். நுரையீரலின் ஆழம் வரை போவது அப்படிக் கண்ணுக்குப் படாததுதான். 15 பெரிது என்பதற்காக 10-ஐ விட்டுவிடலாம் என்றும் கொள்ளக்கூடாது. பெல்ட்டுக்கு மூடி போட ஒரு நாள் போதும். கையோடு செய்துவிட வேண்டியதுதான்.

உடைப்பை எங்கே அடைப்பது

ஆற்றுக்கரை உடைந்தால் நாம் என்ன செய்வோம்? மணல் மூட்டை போட்டு உடைப்பை அடைப்போம். வீட்டுக்குள் வந்த தண்ணீரைச் சொம்பால் மொண்டு ஊற்றுவதை முதல் வேலையாக யாரும் செய்வதில்லை. பணியிடத்தில் மட்டும் முதலில் சொம்பைத்தான் எடுக்கிறோம்: "மாஸ்க் குடுத்திருக்கோம், கிளவுஸ் குடுத்திருக்கோம்."

தடுப்பு முறைகளுக்கு ஒரு படிவரிசை உண்டு. மேல்படியில் கேட்டையே நீக்குவது. முடியாவிட்டால் அதைவிடத் தீங்கு குறைந்ததாக மாற்றுவது. அதற்கும் கீழே, ஆளுக்கும் கேட்டுக்கும் நடுவே இயந்திரமோ தடுப்போ வைப்பது. அடுத்தது வேலை நேரத்தையும் முறையையும் மாற்றுவது. கடைசிப் படியில்தான் ஆள் மாட்டிக்கொள்ளும் கவசம். மேலே போகப் போகப் பலன் நிச்சயம். கீழே வர வரப் பொறுப்பு தொழிலாளியின் தலையில் ஏறுகிறது.

வயலில் மருந்து அடிப்பவரை எடுத்துக்கொள்வோம். பூச்சி பொருளாதாரச் சேத அளவை, அதாவது மருந்துச் செலவைவிடப் பயிர்ச் சேதம் பெரிதாகும் அளவைத் தாண்டவில்லை, இந்த முறை அடிக்கவே வேண்டாம் என்று முடிவெடுப்பது மேல்படி. டப்பாவில் சிவப்பு முக்கோணம் போட்ட கடும் நஞ்சுக்குப் பதில் பச்சை முக்கோணம் போட்ட மருந்தை வாங்குவது அடுத்த படி; சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று நஞ்சின் கடுமை இறங்கும். ஒழுகாத தெளிப்பான் மூன்றாவது. காற்று ஓய்ந்த காலை நேரத்தில், காற்றுக்கு எதிராக நடக்காமல் அடிப்பது நான்காவது. முழு உடை, கையுறை, முகமூடி ஐந்தாவது. நம் ஊர் புழுக்கத்தில் முழு பிளாஸ்டிக் உடையை ஒரு மணி நேரம் போட்டிருக்க முடியுமா? வியர்வை ஆவியாக வழியே இல்லை. கழற்றிப் போட்டுவிட்டு அடிப்பார். நாம் "சொன்னா கேட்க மாட்டாங்க" என்போம்.

சித்தியின் மாடிக்குத் திரும்பினால்

இத்தனையும் வைத்துக்கொண்டு அந்தச் சேலைப் பிரிவை மதிப்பிட்டால் என்ன எழுதுவோம்? கேடு: நீண்ட நேரம் நிற்பது, தண்ணீர் குடிக்காதது, அனுமதி நோட்டு, வாரம் 63 மணி நேரம். படுபவர்கள்: அந்தத் தளத்தில் 18 பெண்கள். நீர்க்கடுப்புக்கு வாய்ப்பு 5, பாதிப்பு 3.

தடுப்பை மேல்படியிலிருந்து தேடுவோம். நோட்டை எடுத்துவிடலாம், செலவு ஒரு ரூபாய்கூட இல்லை. ஊழியர்களுக்கு லிஃப்டைத் திறந்துவிடலாம். ஒவ்வொரு தளத்திலும் ஒரு கழிப்பறை கட்டச் செலவாகும், நாளாகும்; அதுவரை இரண்டாவது மாடியில் வாடிக்கையாளருக்கு இருப்பதை இவர்களும் பயன்படுத்தலாம். ஸ்டூலில் இருக்கும் சேலையை அலமாரிக்கு மாற்றி, கூட்டம் இல்லாதபோது உட்காரலாம் என்பதை முதலாளியே இன்சார்ஜின் எதிரில் சொல்ல வேண்டும். மூன்று மாதம் கழித்து மறுபடி போய்ப் பார்க்க வேண்டும். ஸ்டூலில் மறுபடி சேலை ஏறியிருக்கலாம், நோட்டு வேறு பெயரில் வந்திருக்கலாம்.

அப்போது இன்னொரு முகாம் போட்டு ரத்தம் எடுக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. சித்தி பையில் கொண்டுபோகும் தண்ணீர் பாட்டில் ராத்திரி வீட்டுக்குத் திரும்பும்போது காலியாக இருக்கிறதா என்று பார்த்தால் போதும். நேற்று வரை அது நிறைந்தேதான் திரும்பி வருகிறது.